முதல்ல கலீஜைக் கழுவுங்க: செயற்கை செல் மெம்ப்ரேன் வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கோ பிஹெச்டி மொத வருஷத்துக்கோ சேந்து, கைடு "மெம்ப்ரேன் மாடல்ல ஏதாவது பண்ணு"ன்னு ஒத்த வரியில சொல்லிட்டு மீட்டிங்குக்குப் போயிட்டாரு, இப்ப எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கீங்களா, உங்களுக்குத்தான் இது. நான் வேலை பாக்குற லேப் தண்டையார்பேட்டை பக்கம். ஒரு பக்கம் ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரி, இன்னொரு பக்கம் கொருக்குப்பேட்டை ரயில் லைன், காத்து திரும்புச்சுன்னா காசிமேட்டு மீன் வாசம். இதெல்லாம் வெளியில தானே இருக்குன்னு நெனைக்காதீங்க, எக்ஸ்பெரிமெண்ட்டுக்குள்ளயே வந்து உக்காரும், பின்னாடி சொல்றேன்.

மொதல்ல விஷயம் என்னன்னு பாத்துடலாம். நம்ம உடம்புல இருக்குற ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு தோல் இருக்கு, அதான் மெம்ப்ரேன், அது ரெண்டு அடுக்கு லிப்பிட், அதாவது கொழுப்பு வகை மூலக்கூறு, மொத்த தடிமனே 4-5 நானோமீட்டர். அதுல புரோட்டீன், கொலஸ்ட்ரால், சர்க்கரைன்னு ஏகப்பட்டது குத்திக்கிட்டு நிக்குது, ஒரு மருந்தைப் போட்டா யாரு தடுத்தா யாரு விட்டான்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால ஒண்ணு ரெண்டு லிப்பிட்டை மட்டும் எடுத்து நாமளே ஒரு தோல் செஞ்சு, அதுல கேள்வி கேக்குறோம். எங்கம்மா தெருவுல எல்லார்கிட்டயும் "பையன் ஆர்ஓ ஃபில்டர் வேலை பாக்குறான்"னு சொல்லி வெச்சிருக்காங்க, மீஞ்சூர் பக்கம் 2010-லேர்ந்து கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற பிளான்ட் இருக்கே, அதுவும் மெம்ப்ரேன்தானே. அது வேற. அது பாலிமர், பிரஷர் குடுத்துத் தண்ணியை அதுக்குள்ள தள்ளுறாங்க. நம்மளுது எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்குற ஒரே காரணத்துக்காகச் சேந்து நிக்குற மூலக்கூறுங்க, ஒண்ணுக்கொண்ணு எந்தப் பிணைப்பும் கிடையாது, அசந்தா கலைஞ்சுரும்.

இந்தத் துறையே ஒரே வருஷத்துல ரெண்டு பக்கத்துலேர்ந்து பொறந்துச்சுன்னு சொல்லலாம். 1925-ல நெதர்லாந்து லெய்டன்ல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேரு ரத்த சிவப்பணுவுலேர்ந்து லிப்பிட்டைப் பிரிச்சு தண்ணி மேல பரப்பிப் பாத்தாங்க, செல்லோட பரப்பளவைப் போல ரெண்டு மடங்கு வந்துச்சு, அப்ப தோல் ரெண்டு அடுக்குன்னாங்க. அதே வருஷம் ஹூகோ ஃப்ரிக்கேன்னு ஒருத்தர் சிவப்பணு கலந்த கரைசல்ல ஏசி கரண்ட் விட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 0.81 மைக்ரோஃபாரட்னு கெப்பாசிட்டன்ஸ் (எவ்வளவு சார்ஜைப் புடிச்சு வைக்கும்ங்குற அளவு) எடுத்து, அதுலேர்ந்து தடிமன் 3.3 நானோமீட்டர்னு கணக்குப் போட்டாரு. ஒருத்தர் தண்ணித் தொட்டி, இன்னொருத்தர் எலெக்ட்ரோடு. நூறு வருஷம் ஆச்சு, நாம இன்னும் அதே ரெண்டைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கோம். இதுல தமாஷ் என்னன்னா லெய்டன்காரங்க லிப்பிட்டை முழுசாப் பிரிக்கவும் இல்ல, செல்லோட பரப்பையும் கம்மியா கணக்குப் போட்டாங்க, ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு பதில் மட்டும் சரியா வந்துருச்சு. உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கும்னு நம்பாதீங்க. அதனால இந்தக் கட்டுரை முழுக்க ஒண்ணுதான் சொல்லப் போறேன்: ஒவ்வொரு படியிலயும் என்ன நம்பர் வரணும்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க, அது வராம அடுத்த படிக்குக் காலை வைக்காதீங்க.

வீட்டுலயே ஒரு பழக்கம்

லேப்ல ட்ரஃப்பை, அதாவது லிப்பிட்டைப் பரப்பி அழுத்துற தண்ணித் தொட்டியை, தொடுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை சோப்பு போட்டு நல்லா தேச்சு, சோப்பு துளி கூட இல்லாத அளவுக்கு அலசி, தண்ணி ஊத்துங்க. மேல டால்கம் பவுடரை லேசாத் தூவுங்க. பல் குத்துற குச்சி நுனியில நல்லெண்ணெய் தொட்டும் தொடாம வெச்சு நடுவுல தொடுங்க. பவுடர் பட்டுனு ஓரத்துக்கு ஓடணும். ஓடலைன்னா எண்ணெய் மேல பழி போடாதீங்க, தண்ணி மேல ஏற்கனவே கலீஜ் ஒரு படலமா உக்காந்திருக்கு. மொத தடவை பத்துல எட்டு பேருக்கு ஓடாது, எனக்கும் ஓடல. 1891-ல நேச்சர் பத்திரிகையில வந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் கடிதம் இதைத்தான் பேசுது, ஜெர்மனியில ஒரு வீட்டுப் பொண்ணு, சமையல்கட்டுல தகரத் தொட்டியை வெச்சு தண்ணி மேல ஒரு தடுப்பை நகத்தி நகத்தி அளந்தவங்க. இன்னிக்கு லட்சக்கணக்குல விக்குற லாங்மியூர் ட்ரஃப் அந்தத் தகரத் தொட்டியோட பேத்திதான்.

எவ்வளவு மெல்லிசுன்னு ஒரு அளவு மனசுல நிக்கணும்னா, பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் லண்டன் பக்கத்துல ஒரு குளத்துல ஒரு டீஸ்பூனுக்கு மேல போகாத எண்ணெயை ஊத்தி அது அரை ஏக்கர் பரவுனதை 1774-ல எழுதியிருக்காரு. அரை ஏக்கர்னா நம்ம ஊரு கணக்குல ஒம்பது கிரவுண்டு. ஒரு டீஸ்பூனை ஒம்பது கிரவுண்டுக்கு நிரவுனா ரெண்டரை நானோமீட்டர் வரும், ஒத்த மூலக்கூறு தடிமன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவுச்சே, ஓரங்கள்ல வானவில் கலரா மினுக்குச்சே, அந்தக் கலர் கண்ணுக்குத் தெரியுறதுக்கே பல நூறு நானோமீட்டர் வேணும். நாம பாக்குறது அதுல நூத்துல ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சுத்தமா இருக்கான்னு கண்ணால பாத்து முடிவு பண்ற ஆளுங்க இந்த வேலையில நிக்க மாட்டாங்க.

தண்ணி, கண்ணாடி, கை

கேன் வாட்டரும் ஆர்ஓ தண்ணிதானேன்னு கேக்காதீங்க, ஒரு தம்பி கேட்டான். 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் தண்ணி வேணும். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, அந்த 18.2 உப்பு இல்லைன்னு மட்டும்தான் சொல்லும், எண்ணெய்ப்பசை இல்லைன்னு சொல்லாது. மெஷின் 18.2 காட்டும், ட்ரஃப்ல ஊத்துனா அழுக்கு ஏறி வரும், ஏன்னா கார்ட்ரிட்ஜ் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. தண்ணியைப் புடிச்ச அன்னிக்கே யூஸ் பண்ணுங்க, பிளாஸ்டிக் கேன்ல வெச்சுக்காதீங்க.

கிளாஸ்வேரும் சாதா உப்பு வகையறாவும் பாரிமுனைக்கு அந்தாண்ட நயினியப்ப நாயக்கன் தெருவுலயே கெடைக்கும், பீக்கர், வயல் (சின்ன கண்ணாடி பாட்டில்)னு மலிவா அள்ளிட்டு வரலாம். ஆனா குளோரோஃபார்ம், தயால் (தங்கத்துல ஒட்டிக்கிற கந்தக மூலக்கூறு), லிப்பிட் மூணையும் அங்க பேரம் பேசி வாங்காதீங்க, நல்ல கிரேடா ஆர்டர் போட்டுத்தான் வாங்கணும். லிப்பிட் வந்தா மைனஸ் 20-ல வைங்க, எடுக்கும்போது ரூம் டெம்பரேச்சருக்கு வந்தப்புறம் தொறங்க, நம்ம ஊரு ஈரத்துல சில்லுனு இருக்குற பாட்டிலைத் தொறந்தா உள்ள வேர்த்துக் கொட்டிரும். குளோரோஃபார்முல கரைச்ச லிப்பிட்டை பிளாஸ்டிக் டிப்ல தொடவே கூடாது, குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கைக் கரைச்சு அதோட சாமானையும் சேத்துக் கொண்டாந்து தண்ணி மேல விட்டுரும். கண்ணாடி சிரிஞ்சு, கண்ணாடி வயல், டெஃப்லான் மூடி, அவ்வளவுதான். ஃப்யூம் ஹுட்குள்ள வேலை பாருங்க, மிச்சத்தை சிங்க்ல ஊத்தாதீங்க, குளோரின் கழிவுக்குத் தனி பாட்டில் வைங்க.

கைன்னு சொன்னேன்ல. சேந்து ரெண்டாவது மாசம், வெறும் தண்ணியை பேரியரால (தண்ணி மேல நகர்ற தடுப்பு) அழுத்திப் பாத்தாலே மேல்பரப்பு அழுத்தம் மீட்டருக்கு 3 மில்லிநியூட்டன் ஏறுது. நாலு நாள் ட்ரஃப்பைக் கழுவுனேன், தண்ணி மாத்துனேன், அந்த அழுத்தத்தை அளக்குற பிளேட்டு மாத்துனேன், ஏசியைத் திட்டுனேன். சீனியர் அக்கா ஒருத்தங்க பின்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து பத்து நிமிஷம் பேசாம பாத்தாங்க.

"தலைக்கு எண்ணெய் வெச்சியா?"

"ஆமாக்கா, சனிக்கிழமைல்ல, எண்ணெய் தேச்சுக் குளிச்சேன்."

"கிளவுஸ் போட்ட கையால முடியை ஒதுக்குற, அதே கையால பேரியரைத் தொடுற. இன்னாபா, நல்லெண்ணெய்க்கு ஐசோதெர்ம் எடுக்குறியா?"

ஐசோதெர்ம்னா டெம்பரேச்சரை மாத்தாம, இடத்தைக் குறைக்கக் குறைக்க அழுத்தம் எப்படி ஏறுதுன்னு போடுற கோடு. அன்னிலேர்ந்து தலையில கேப். கிளவுஸ்லயும் பவுடர் இல்லாத நைட்ரைல் போடுங்க, போட்ட கையால ஃபோனைத் தொட்டா கழட்டி வேற போடுங்க.

ட்ரஃப்புல மொத ஐசோதெர்ம்

தண்ணி நெரப்பி, பிளேட்டைத் தொங்க விட்டு, சுத்தமான தண்ணியோட மேல்பரப்பு இழுவிசை 25 டிகிரியில மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் காட்டுதான்னு பாருங்க. அப்புறம் வெறும் தண்ணியை முழுசா அழுத்துங்க. அழுத்தம் 0.2-க்கு மேல ஏறுனா, சின்னப் பம்புல மாட்டுன கண்ணாடி பிப்பெட்டால மேல்தண்ணியை உறிஞ்சி எடுத்துட்டு திரும்ப அழுத்துங்க. ஏறாம இருக்குற வரைக்கும் இதேதான். இதுக்கே அரை நாள் போகும், போகட்டும்.

புதுசா வர்றவங்க டிபிபிசி லிப்பிட்டுல ஆரம்பிங்க, உலகம் பூரா இதோட கோடு எப்படி இருக்கும்னு தெரியும், உங்க கோடு வேற மாதிரி வந்தா உடனே புடிபட்டுரும். எவ்வளவு போடணும்னு கணக்கு: ட்ரஃப் 240 சதுர சென்டிமீட்டர், ஒரு மூலக்கூறுக்கு 100 சதுர ஆங்ஸ்ட்ராம் இடம் குடுத்து ஆரம்பிச்சா 40 நானோமோல் வேணும், டிபிபிசி எடை 734, அப்ப 29 மைக்ரோகிராம், மில்லிக்கு ஒரு மில்லிகிராம் கரைசல்னா சுமார் 29 மைக்ரோலிட்டர். சிரிஞ்சு நுனியில துளி தொங்கும்போது தண்ணியை லேசாத் தொட்டு விடுங்க, மேலேர்ந்து போடாதீங்க, போட்டா உள்ள முங்கிரும். அங்கங்க மாத்தி மாத்தி விட்டுட்டு கால் மணி நேரம் சும்மா இருங்க, குளோரோஃபார்ம் பறக்கணும். அப்புறம் மெதுவா அழுத்துங்க.

20 டிகிரி பக்கத்துல 4-5 மில்லிநியூட்டன்ல கோடு படுத்து ஒரு திண்ணை மாதிரி நேராப் போகும், அங்கதான் லூசா இருந்த மூலக்கூறெல்லாம் நெருங்கி அடுக்கா நிக்க ஆரம்பிக்குது. அப்புறம் சர்ருனு ஏறி 70 கிட்ட உடையும். திண்ணை 12-ல வந்தா டென்ஷன் ஆகாதீங்க, உங்க தண்ணி சூடா இருக்கு. சித்திரை மாசத்துல ஏசி மக்கர் பண்ணுனா இந்தத் திண்ணையே தெர்மாமீட்டர் வேலை பாக்கும். சர்க்குலேட்டர் இருந்தா போடுங்க, ரொம்ப சில்லுனு வைக்காதீங்க, பிளேட்டுல ஈரம் கோத்து எடை ஏறிரும்.

லாரி கதைக்கு வர்றேன். கன்டெய்னர் போகும்போது தண்ணி நடுங்கும், பிளேட்டு ஆடும், கோடு ரம்பப் பல்லு மாதிரி வரும். ராத்திரி அமைதியா இருக்கும்னு உக்காந்தா லாரிங்க வரிசை கட்டுறதே ராத்திரிதான். ஆன்ட்டி வைப்ரேஷன் டேபிளுக்குப் பட்ஜெட் இல்ல. ரெண்டு ஸ்கூட்டர் டியூபைப் பாதி காத்தடிச்சுப் போட்டு மேல தடியா ஒரு கடப்பா கல், கல்லு மேல ட்ரஃப். முக்கால்வாசி ஆட்டம் நின்னுச்சு, கல்லும் டியூபும் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ளதான் ஆச்சு.

தங்கம்

எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி பக்கம் போகணும்னா தங்க எலெக்ட்ரோடு. இங்கதான் பசங்க அவசரப்படுறாங்க. அலுமினாப் பொடி 1, 0.3, 0.05 மைக்ரான்னு வரிசையாத் தேச்சு, சோனிகேட்டர்ல கழுவி, அரை மோலார் சல்ஃப்யூரிக் ஆசிட்ல சைக்ளிக் வோல்டாமெட்ரி (வோல்டேஜை ஏத்தி எறக்கி கரண்டை அளக்குறது) ஓட்டுங்க, கோடு மேல கோடு அச்சா விழுற வரைக்கும். திரும்பி வரும்போது ஒரு கூரான இறக்கம் வரும், அது தங்க ஆக்சைடு திரும்பத் தங்கமா மாறுறது. அந்த இறக்கத்தோட சார்ஜை சதுர சென்டிமீட்டருக்கு 390 மைக்ரோகூலம்னு வகுத்தா உங்க எலெக்ட்ரோடோட உண்மையான பரப்பு கெடைக்கும். ஸ்கேல் வெச்சு அளந்த பரப்பை வெச்சுக் கெப்பாசிட்டன்ஸ் எழுதுறவங்க நெறைய, அதெல்லாம் நம்பாதீங்க, சொரசொரப்புக்கு ஏத்த மாதிரி நம்பர் பொய் சொல்லும்.

பிரான்ஹா கரைசல்ல (சல்ஃப்யூரிக் ஆசிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும்) கழுவச் சொல்லி யாராச்சும் சொன்னா, சீனியர் பக்கத்துல இல்லாம தொடாதீங்க. அசிட்டோனோ ஆல்கஹாலோ மிச்சம் இருந்தா வெடிக்கும். எனக்குக் கேட்டா மொத வருஷம் அது தேவையே இல்ல.

சுத்தமான தங்கத்தை ஒரு மில்லிமோலார் தயால் போட்ட எத்தனால்ல ராத்திரி பூரா ஊற வைங்க, காலையில எத்தனால்ல அலசுங்க. செக் பண்றதுக்கு ஃபெர்ரிசயனைடு கரைசல்ல திரும்ப வோல்டாமெட்ரி: வெறும் தங்கத்துல ரெண்டு பீக்கும் 70-80 மில்லிவோல்ட் தள்ளி அழகா நிக்கும், தயால் ஏறுனப்புறம் பீக் காணாமப் போயி கோடு தட்டையா ஆகணும். பாதி பீக் மிச்சம் இருந்தா படலத்துல ஓட்டை. ஃபெர்ரிசயனைடையும் ஆசிட்டையும் ஒரே கழிவு பாட்டில்ல ஊத்தவே ஊத்தாதீங்க, சயனைடு வாயு வரும், இதுல வெளையாட்டு வேணாம்.

ரெண்டாவது அடுக்கு

லிப்பிட்டைக் கண்ணாடி வயல்ல நைட்ரஜன் ஊதிக் காய வெச்சு, வாக்குவம்ல சில மணி நேரம் விட்டு, பஃபர் ஊத்தி, அந்த லிப்பிட் உருகுற டெம்பரேச்சருக்கு மேல வெச்சுக் குலுக்கணும், குலுக்குனா லிப்பிட் குட்டிக் குட்டி உருண்டையா மாறும். டிபிபிசிக்கு 41 டிகிரி, அதனால 50 வைங்க. பிஓபிசிக்கு மைனஸ் 2, ரூம்லயே நடக்கும், சோம்பேறிகளுக்கு ஏத்த லிப்பிட், நான் அதுதான் யூஸ் பண்றேன். 100 நானோமீட்டர் ஃபில்டர் வழியா 11 இல்லன்னா 21 தடவை தள்ளுங்க. ஒத்தப்படை ஏன்னா கடைசியில எதிர்ப்பக்க சிரிஞ்சுல முடியணும், ஃபில்டரைத் தாண்டாதது மொத சிரிஞ்சுலயே நின்னுரும். பால் மாதிரி இருந்தது நீராகாரம் மாதிரி லேசா நீலம் ஓடித் தெளியும்.

இதை வெறும் தங்கத்து மேல ஊத்துனா மெம்ப்ரேன் ஆகிரும்னு நெனைச்சு ஒரு செமஸ்டரை விட்டவங்களை எனக்குத் தெரியும். வெறும் தங்கத்துல இந்த உருண்டைங்க பொதுவா உடையாது, உருண்டையாவே ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். சிலிக்கா மேலயோ சுத்தமான கண்ணாடி மேலயோ உடைஞ்சு விரியும், கொஞ்சம் கால்சியம் இருந்தா இன்னும் நல்லா. தங்கத்துலதான் வேணும்னா தயால் ஏத்துன தங்கம், அது மேல ஒரு அடுக்கா விரியும். ஆனா அங்க அடியில தண்ணியே கிடையாது, சேனல் புரோட்டீன் வெச்சு அயனி போகுதான்னு பாக்கணும்னா அயனி எங்க போகும்? அதுக்கு நீளமான காலு வெச்ச நங்கூர லிப்பிட்டைத் தங்கத்துல அங்கங்க குத்தி, நடுவுல சின்ன தயால் போட்டு இடம் விட்டு, அது மேல மெம்ப்ரேன் மிதக்கணும். எடுத்த எடுப்புல அதுக்குப் போகாதீங்க, ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்.

இம்பீடன்ஸ்

இம்பீடன்ஸ்னா ஏசி கரண்டுக்கு மெம்ப்ரேன் குடுக்குற தடையை ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலயும் அளக்குறது. 10 மில்லிவோல்ட், ஒரு லட்சம் ஹெர்ட்ஸ்லேர்ந்து 0.1 வரைக்கும், 0.1 மோலார் உப்புல. 50, 100 ஹெர்ட்ஸ் புள்ளியைத் தவிருங்க, கரண்ட் லைன் இரைச்சல் அங்கதான். வெளி இரைச்சலைத் தடுக்குற ஃபாரடே கூண்டு இல்லைன்னா பெரிய தகர டின்னை எர்த் பண்ணி உள்ள வைங்க. கடல் காத்துல முதலை கிளிப் மூணு மாசத்துல பச்சை புடிச்சிரும், வாரம் ஒருக்கா சாண்ட் பேப்பர் போடுங்க, அந்தப் பச்சையை "புது ரிலாக்சேஷன்"னு பேப்பர் எழுதப் போயி அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான்.

வரவேண்டிய நம்பர்: வெறும் தங்கம் சதுர சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோஃபாரட்டோ அதுக்கு மேலயோ, நீளமான தயால் ஏறுனா 1 பக்கம், அது மேல லிப்பிட் விரிஞ்சா இன்னும் எறங்கி கிட்டத்தட்ட பாதி. நங்கூரம் போட்ட முழு மெம்ப்ரேன்னா 0.5-லேர்ந்து 1. ஏன் இந்த நம்பர்னா எண்ணெய்ப் பகுதியோட டைஎலெக்ட்ரிக் 2 சொச்சம், தடிமன் 3 நானோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஃபார்முலாவுல போட்டா 0.65 கிட்ட வரும், நீங்களே போட்டுப் பாருங்க. 5 வந்தா மெம்ப்ரேன்ல நெறைய இடம் காலி. 0.2 வந்தா சந்தோஷப்படாதீங்க, அங்க கிரீஸ் உக்காந்திருக்கு, இல்லன்னா காத்துக் குமிழி.

ஃபிட் பண்ணும்போது கரைசல் ரெசிஸ்டன்ஸ், அதுக்கு அடுத்து மெம்ப்ரேன் ரெசிஸ்டன்ஸும் கெப்பாசிட்டரும் பக்கத்துப் பக்கத்துல, அவ்வளவு போதும். ஏழு எலிமெண்ட் போட்டா யானையையும் ஃபிட் பண்ணலாம்.

இன்னொரு கண்

இம்பீடன்ஸ் மட்டும் வெச்சு உருண்டையா விரிஞ்சதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. குவார்ட்ஸ் கிரிஸ்டல் மைக்ரோபேலன்ஸ்ல (எடை ஏறுனா கிரிஸ்டல் அதிர்ற ஃப்ரீக்வென்சி குறையும்) சிலிக்கா பூசுன 5 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வெச்சுப் பாத்தா கதை கண்ணு முன்னாடி ஓடும்: உருண்டைங்க தண்ணியோட ஒட்ட ஒட்ட ஃப்ரீக்வென்சி கீழ போகும், நெரிசல் தாங்காம உடைஞ்சு உள்ள இருந்த தண்ணியைக் கொட்டுனதும் திரும்ப மேல ஏறி மைனஸ் 25 ஹெர்ட்ஸ்ல போயி நிக்கும். அதிர்வு எவ்வளவு வேகமா அடங்குதுங்குற டிஸ்ஸிபேஷன் பத்து லட்சத்துல அரைப் பங்குக்கும் கம்மியா இருக்கணும். மைனஸ் 25-ல நிக்காம இன்னும் ரொம்ப கீழயே கெடந்து டிஸ்ஸிபேஷனும் ஒசரமா இருந்தா உருண்டை உடையல. ஏஎஃப்எம் (ஊசி நுனியால மேல்பரப்பைத் தடவிப் பாக்குற மைக்ரோஸ்கோப்) கெடைச்சா தரைக்கும் படலத்துக்கும் 4-5 நானோமீட்டர் படிக்கட்டு தெரியும்.

நம்ம காலேஜ்ல இதெல்லாம் இருக்காது. ஐஐடி மெட்ராஸ்ல இருக்குற சைஃப் (பொது ஆய்வுக் கருவி மையம்) வெளி ஆளுங்களுக்கும் அளந்து குடுக்குது, காரைக்குடி செக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) தரமணியில ஒரு யூனிட் இருக்கு, ஐ-ஸ்டெம் போர்ட்டல்ல எந்த மெஷின் எங்க இருக்குன்னு தேடலாம். பஸ்ஸுல எடுத்துட்டுப் போகும்போது சாம்பிள் காயவே கூடாது, இந்த மெம்ப்ரேன் தண்ணியை விட்டு வெளிய வந்த நொடி உரிஞ்சு போயிரும். பஃபர் முட்ட நெரப்புன டப்பா, மடியில வெச்சுக்கோங்க, பிராட்வே நெரிசல்ல பையைத் தொங்க விட்டுக்கிட்டு நிக்காதீங்க.

கடைசியா, எதையாவது போட்டுப் பாருங்க

மெம்ப்ரேன் நெஜமா மெம்ப்ரேன்தானான்னு தெரிய நங்கூர மெம்ப்ரேன்ல வாலினோமைசின் போடுங்க. அது பொட்டாசியத்தை மட்டும் தூக்கிட்டுப் போற ஆளு. பொட்டாசியம் உப்புல ரெசிஸ்டன்ஸ் தடால்னு விழணும், அதே எலெக்ட்ரோடை சோடியம் உப்புக்கு மாத்துனா திரும்ப ஏறணும், கெப்பாசிட்டன்ஸ் ரெண்டுலயும் பெருசா அசையக் கூடாது. சோடியத்துலயும் விழுந்து கெடந்தா அது வாலினோமைசின் வேலை இல்ல, உங்க ஓட்டை. தேனீ விஷத்துல வர்ற மெலிட்டின் போட்டா வேற மாதிரி, அது மெம்ப்ரேனையே கலைக்கும், ரெசிஸ்டன்ஸ் எறங்குறதோட கெப்பாசிட்டன்ஸும் நகரலாம். வாலினோமைசின் எத்தனால்ல கரைச்சு வரும், அதனால வெறும் எத்தனாலை அதே அளவு விட்டு மொதல்ல ஒரு ரன் எடுத்து வெச்சுக்கோங்க, வைவாவுல மொத கேள்வியே அதான்.

போன மாசம் காசிமேட்டுலேர்ந்து வர்ற தம்பிக்கு மொத தடவை இது வந்துச்சு. பொட்டாசியத்துல விழுந்துச்சு, சோடியத்துல ஏறுச்சு, திரும்பப் பொட்டாசியம் ஊத்துனான், திரும்ப விழுந்துச்சு. ராத்திரி ஒம்பதரை, வெளிய லாரி ஹாரன். "அண்ணே, இன்னொரு வாட்டி மாத்தவா?"ன்னான். மாத்துடான்னேன், மூணு தடவை மாத்துனாதான் எர்ரர் பார் போட முடியும்.